நாஸ் பெட்டி ஏன் தூங்க மாட்டேன் என்கிறது?

சுங்கை சிப்புட்டில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, வீட்டில் இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் எல்லாரும் ஃபைல் சேமிக்கும் பெட்டி) ஒன்று இருக்கிறது. தாத்தா, அப்பா காலத்துத் தோட்டப் படங்கள், கோயில் தீமிதி வீடியோ, அக்கா கல்யாண வீடியோ எல்லாம் அதில்தான். இருபது நிமிஷம் யாரும் தொடாவிட்டால் டிஸ்க் தூங்க வேண்டும் என்று செட்டிங் வைத்தேன். பகலில் தூங்குவதே இல்லை. ராத்திரி தூங்குகிறது, ஆனால் இரண்டு மூன்று தடவை தானாக எழுந்து 'டொக்' என்று சத்தம் போட்டுச் சுற்ற ஆரம்பிக்கிறது. பெட்டி ஹாலில் இருக்கிறது, அப்பாவும் அங்கேதான் படுக்கிறார். பெட்டிக்குள்ளே யாரோ முட்டுகிறார்கள் என்று தினமும் திட்டு. டிஸ்க் கெட்டுவிட்டதா?"

தம்பி, முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், யாரும் முட்டவில்லை. நின்றிருந்த தட்டு மறுபடி சுற்றத் தொடங்கி, ஓரமாக ஒதுங்கியிருந்த தலை (தட்டைப் படித்து எழுதும் முனை) தட்டின்மேல் ஏறும்போது வரும் சத்தம் அது. தடவைக்கு ஒரு 'டொக்', அப்புறம் விசில் மாதிரி ஏறும் ஒரு சுழற்சிச் சத்தம், சற்று நேரத்தில் அமைதி என்றால் டிஸ்க் பெரும்பாலும் நலமாகத்தான் இருக்கிறது. 'டொக் டொக் டொக்' என்று தாளம் போட்டுக்கொண்டே இருந்து, ஃபைல் திறக்கவும் நேரம் எடுத்தால் அது வேறு கதை. அப்படி என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் படங்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள்.

நான் செம்பனை மில்லில் வயர்மேனாக இருந்தவன். இப்போது கம்ப்யூட்டர், கேமரா, ரவுட்டர் என்று எது கெட்டாலும் பார்க்கிறேன். உங்கள் கேள்வியை மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: டிஸ்க் நன்றாகத் தூங்கட்டும், இல்லாவிட்டால் விழித்தே இருக்கட்டும். அரைமணிக்கு ஒருமுறை தூங்கி எழுகிற அரைகுறைத் தூக்கம் மட்டும் கூடாது. உங்கள் பெட்டி ராத்திரியில் இரண்டு மூன்று தடவைதான் எழுகிறது, அது கூடினால் அங்கேதான் போய் நிற்கும். அதனால் பகலில் தூங்காததைவிட ராத்திரியில் எழுவதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

அந்த இருபது நிமிஷத்தைப் பலரும் பெட்டிக்குப் போட்ட உத்தரவு என்று நினைக்கிறார்கள். அது வெறும் எண்ணிக்கை. கடைசியாக யாராவது டிஸ்க்கைத் தொட்ட நொடியில் இருந்து எண்ணத் தொடங்கும். பத்தொன்பதாவது நிமிஷத்தில் ஏதோ ஒரு புரோகிராம் ஒரே ஒரு வரியை எழுதினாலும் போதும், எண்ணிக்கை மறுபடி முதலில் இருந்து. அதனால் "செட்டிங் சரியாக இருக்கிறதா" என்று திரும்பத் திரும்ப மெனுவைத் திறந்து பார்ப்பதில் பயன் இல்லை. செட்டிங் சரியாகத்தான் இருக்கும். யார் தொடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சினாலஜி, கியூநாப் மாதிரி பெட்டிகளில் உங்கள் படங்கள் மட்டும் டிஸ்க்கில் இல்லை, பெட்டியின் சொந்த சிஸ்டமும் அதே டிஸ்க்குகளில்தான் ஒரு சின்னப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் ஒரு டிஸ்க்கில் மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் எல்லா டிஸ்க்கிலும் நகலாக. ஒரு டிஸ்க் செத்தாலும் பெட்டி நிற்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அதனால் சிஸ்டம் ஒரு வரி தன் பதிவேட்டில் (லாக்) எழுதினால் எல்லா டிஸ்க்கும் சேர்ந்து எழுந்துவிடும். பழைய லயத்து வீடுகள் மாதிரிதான். ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் நடுச்சுவர் வழியாக வரிசை முழுக்கக் கேட்கும். "நான் வீடியோவை இரண்டாவது டிஸ்க்கில்தானே வைத்திருக்கிறேன், முதல் டிஸ்க் ஏன் எழுகிறது" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

சரி, தட்டுவது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல கருவி நெட்வொர்க் கேபிள்தான், வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

ராத்திரி எல்லாரும் படுத்தபின் பெட்டியின் பின்னால் இருக்கும் லேன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பெட்டி ஓடட்டும், கேபிள் மட்டும் வேண்டாம். கழற்றியதும் "கேபிள் போய்விட்டது" என்று பெட்டி தன் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும், அதனால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும், அரைமணி நேரம் பொறுங்கள். அப்புறம் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றும் டிஸ்க் இருந்தால் ஒரு நடுக்கம் தெரியும். மில்லில் பேரிங் ஓடும் சத்தத்தைக் கேட்க ஸ்க்ரூ டிரைவரின் முனையை மெஷின்மேல் வைத்துப் பிடியைக் காதில் வைப்போம். இதற்கும் அதே வித்தை செய்யலாம், பெட்டியின் மூலையில் மெதுவாக வைத்தால் போதும். விளக்கை நம்பாதீர்கள். சில பெட்டிகளில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், டிஸ்க் தூங்கியிருக்கும்.

கேபிள் இல்லாமல் ராத்திரி முழுக்கத் தூங்கியது என்றால் குற்றவாளி வெளியே இருக்கிறது, வீட்டில் இருக்கும் வேறு ஒரு சாதனமோ இன்டர்நெட்டோ. கேபிள் இல்லாமலும் எழுந்தது என்றால் குற்றவாளி பெட்டிக்குள்ளேயே. இந்த ஒரு ராத்திரியில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மேகத்தில் (கிளவுட், அதாவது இன்டர்நெட்டில்) காப்பி எடுக்கும் ஆப்கள், இன்டர்நெட் கிடைக்கவில்லை என்று நிமிஷத்துக்கு ஒருமுறை முயன்று, தோற்றதை எல்லாம் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும். அப்படி ஏதாவது போட்டிருந்தால் சோதனைக்கு முன் அவற்றை நிறுத்திவிடுங்கள்.

கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் அப்பாவை எழுதச் சொல்லுங்கள், எத்தனை மணிக்கு 'டொக்' கேட்டது என்று. சிரிக்காதீர்கள், இதைவிட நல்ல பதிவேடு கிடையாது. பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) போன காலத்துப் பழக்கத்தில் விடியற்காலை நாலு மணிக்கே எழும் ஆட்களுக்கு நேரம் துல்லியமாகத் தெரியும். மணி அடித்தாற்போல ஒவ்வொரு மணிநேரமும் எழுகிறதா? அப்படியானால் ஏதோ ஒரு தானியங்கி பேக்கப். தினமும் ஒரே நேரம், நள்ளிரவு, இரண்டு, மூன்று மணி என்றால் பெட்டியே செய்யும் பராமரிப்பு வேலை. எந்த ஒழுங்கும் இல்லாமல் கண்ட நேரத்தில் என்றால் வெளியில் இருந்து யாரோ.

முதலில் வெளியே இருப்பவர்களைப் பார்ப்போம், ஏனென்றால் என் அனுபவத்தில் அவர்கள்தான் அதிகம்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் நாஸ் பெட்டியை 'இசட் டிரைவ்' என்று இணைத்து வைத்திருப்பீர்கள். அந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது பெட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஃபோல்டர் ஜன்னல் ஒன்று திறந்து கிடக்கலாம், டெஸ்க்டாப்பில் இருக்கும் ஒரு ஷார்ட்கட்டின் படம் நாஸில் இருக்கலாம், வைரஸ் ஸ்கேனர் இணைத்த டிரைவையும் சேர்த்துத் துழாவலாம். விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி பேக்கப்பை நாஸுக்குத் திருப்பி வைத்திருந்தால் அது வழக்கமாக மணிக்கு ஒருமுறை எழுதும். சோதனைக்குக் கம்ப்யூட்டரை முழுக்க அணைத்துவிடுங்கள். மூடி வைப்பது அணைத்ததாகாது. லேப்டாப் மூடிக்குள் விழித்துக்கொண்டு வேலை பார்ப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிரவுசரில் நாஸின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தபடியே விட்டுவிடுவது இன்னொன்று. மெமரி எவ்வளவு, சூடு எவ்வளவு என்று அந்தப் பக்கம் சில நொடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கும். "தூங்குகிறதா என்று பார்க்கத் திறந்தேன்" என்பவர்கள்தான் பலமுறை தூங்கவிடாமல் செய்பவர்கள்.

கைபேசிகளும் சும்மா இருப்பதில்லை. படங்களைத் தானாக ஏற்றும் ஆப் வீட்டில் நாலு பேர் போனில் இருந்தால் நாலு பேரும் வெவ்வேறு நேரத்தில் கதவைத் தட்டுவார்கள், பெரும்பாலும் ராத்திரி சார்ஜில் போட்டபின். ஆப்பின் செட்டிங்கில் நேரம் குறிக்க வழி இருந்தால் ஒரே நேரமாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் தானியங்கியை நிறுத்திவிட்டு வாரம் ஒருநாள் நீங்களே ஏற்றிவிடலாம்.

எங்கள் வீட்டில் மாட்டியது டிவி பெட்டி. வீடியோ ப்ளேயர் ஆப் ஒன்றில் நாஸில் இருக்கும் பழைய படங்களை நூலகமாகச் சேர்த்து வைத்திருந்தோம். டிவியை அணைத்தாலும் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி அணையாது. அது "புதுப் படம் ஏதாவது வந்திருக்கிறதா" என்று ஃபோல்டர் முழுக்கத் தேடி வரும். நான் இரண்டு வாரம் நாஸுக்குள் எல்லா ஆப்பையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துக் களைத்தேன். கடைசியில் என் மனைவி, டிவிக்குப் பின்னால் பெருக்கும்போது பிளக்கைப் பிடுங்கிய ராத்திரிதான் டிஸ்க் தூங்கியது. கேபிளைக் கழற்றும் வித்தையை நான் கற்றுக்கொண்டது அந்தப் பிளக்கில் இருந்துதான். அந்த ஆப்பில் தானாகத் தேடுவதை நிறுத்திவிட்டு, தேவைப்படும்போது கையால் புதுப்பித்தால் போதும்.

கேமரா இருந்தால் பேச்சே வேண்டாம். வாசல் கேமரா நாஸில் பதிவு செய்கிறது என்றால் அந்த டிஸ்க் தூங்காது, தூங்கவும் கூடாது. கேமராவுக்குள் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு போட்டு அதில் பதியவிடுங்கள், அல்லது தூக்கத்தை மறந்துவிடுங்கள். அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு என்று வைப்பது நடுவழி போலத் தோன்றும், ஆனால் நம் ஊர் வாசலில் ராத்திரி நாயும் பூனையும் நடந்துகொண்டே இருக்கும். அது அரைகுறைத் தூக்கத்துக்குத்தான் கொண்டுபோய் விடும்.

இனி இன்டர்நெட். இதைச் சற்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தூக்கப் பிரச்சினையைவிடப் பெரியது. வெளியூரில் இருந்தும் படங்களைப் பார்க்கலாம் என்று ரவுட்டரில் போர்ட் (வெளியில் இருந்து உள்ளே வரும் கதவு) திறந்து விட்டிருக்கிறீர்களா? நீங்களே செய்யாவிட்டாலும் பெட்டியை முதலில் அமைத்தபோது அது ரவுட்டரிடம் தானாகக் கேட்டுத் திறந்திருக்கலாம். யுபிஎன்பி என்ற வசதி அதற்குத்தான். திறந்த கதவை உலகம் முழுக்க இருந்து தானியங்கிப் புரோகிராம்கள் வந்து தட்டிப் பார்க்கும். பெயர் 'அட்மின்', பாஸ்வேர்டு இது, அது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். ஒவ்வொரு தோல்வியையும் பெட்டி பதிவேட்டில் எழுதும், ஒவ்வொரு எழுத்துக்கும் டிஸ்க் எழும். கண்ட நேரத்தில் எழுவதற்கு இதுதான் நான் அடிக்கடி பார்க்கும் காரணம். பெட்டியின் லாக் பகுதியில் தெரியாத முகவரிகளில் இருந்து தோற்ற லாகின் வரிசையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தூக்கம் போனால் போகட்டும், படங்களே போய்விடும். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பிணைத்தொகை வைரஸ் இப்படி இன்டர்நெட்டுக்குத் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. போர்ட்டை மூடுங்கள், ரவுட்டரில் யுபிஎன்பியை அணையுங்கள். வெளியில் இருந்து பார்க்க வேண்டும் என்றால் வயர்கார்டு, டெயில்ஸ்கேல் மாதிரி விபிஎன் (பூட்டிய தனி வழி) வழியாக வாருங்கள். இரண்டு ராத்திரியில் வித்தியாசம் தெரியும்.

இப்போது உள்ளே. கேபிளைக் கழற்றியும் எழுந்தது என்றால் இந்தப் பகுதி உங்களுக்கு.

முதல் கேள்வி: சமீபத்தில் கரண்டு டிரிப் ஆனதா? நம் பக்கம் மாலையில் இடி இடித்தால் வீட்டு மெயின் ஸ்விட்ச் விழுவது சாதாரணம். பெட்டி திடீரென்று அணைந்து எழுந்தால், இரண்டு டிஸ்க்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் இருந்து கடைசிவரை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கலாம். 4 டெராபைட் டிஸ்க் என்றால் அதற்கே ஏழெட்டு மணிநேரம் ஆகும். நிறையப் படங்களை ஏற்றினாலும் அப்படித்தான், சின்னப் படம் செய்வது, முகம் அடையாளம் காண்பது, தேடல் பட்டியல் போடுவது என்று நாள்கணக்கில் ஓடும். பத்தாயிரம் பழைய படங்களை ஸ்கேன் செய்து போட்ட வாரத்தில் "ஏன் தூங்கவில்லை" என்று கேட்டால் பாவம், அது வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த வேலை முடியட்டும், அப்புறம் சோதியுங்கள்.

அதன்பின் ஆப்கள். பெட்டி வாங்கிய முதல் வாரம் ஆர்வத்தில் கண்டதையும் போட்டிருப்போம்: டவுன்லோடு, மெயில், டாக்கர் (வெளிப் புரோகிராம்களைத் தனித்தனியாக அடைத்து ஓட்டுவது), கேமரா நிர்வாகம், மேகக் காப்பி. பயன்படுத்தாததை நீக்குங்கள், நிறுத்துவது மட்டும் போதாது. மிச்சத்தைப் பாதியாகப் பிரியுங்கள். பாதியை ஒரு ராத்திரி நிறுத்துங்கள். தூங்கினால் குற்றவாளி அந்தப் பாதியில், தூங்காவிட்டால் மறுபாதியில். எட்டு ஆப் இருந்தால் மூன்று ராத்திரியில் ஒன்றுக்கு வந்துவிடலாம். ஒன்றொன்றாக நிறுத்தினால் எட்டு ராத்திரி. மில்லில் எந்த லைனில் எர்த் கசிகிறது என்று தேடுவதும் இப்படித்தான், பாதி போர்டைத் தூக்கிவிட்டுப் பார்ப்போம். டாக்கரில் ஓடும் எதுவாக இருந்தாலும் எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான், ஏனென்றால் அவற்றில் பல ஒவ்வொரு நிமிஷமும் தன் டேட்டாபேஸில் எதையாவது எழுதாமல் இருப்பதில்லை.

ஆப்பைப் பிரித்துப் பார்க்கப் பொறுமை இல்லை, பெயரே தெரிய வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. சினாலஜி பெட்டியில் டிஎஸ்எம் 7 சிஸ்டம் என்றால் சப்போர்ட் சென்டருக்குள் சப்போர்ட் சர்வீசஸ் பகுதியில் தூக்கப் பிரச்சினையை ஆராயும் பதிவை இயக்கலாம். யார் எந்த நொடி டிஸ்க்கைத் தொட்டார்கள் என்று அது எழுதி வைக்கும். கியூநாப்புக்கு இதே வேலையைச் செய்யும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை அவர்களே தருகிறார்கள். நீங்களே லினக்ஸ் போட்டுச் செய்த பெட்டி என்றால் ஃபட்ரேஸ், ஐஓடாப் என்று கருவிகள் இருக்கின்றன. வேலை முடிந்ததும் இந்தப் பதிவை மறக்காமல் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் அதுவும் எழுதும் வேலைதான்.

அந்தப் பதிவைப் படிக்கும்போது ஒரு ஏமாற்று இருக்கிறது. ஜேபிடி2, கேவொர்க்கர், ஃப்ளஷ் என்ற பெயர்கள் வரிசையாக வரும். அவற்றைத் தேடிப் போய் நிறுத்தப் பார்த்தவர்கள் பலர். அவை தபால்காரர்கள் தம்பி, கடிதம் எழுதியவர் வேறு. லினக்ஸில் ஒரு புரோகிராம் எழுதியது உடனே டிஸ்க்குக்குப் போவதில்லை, மெமரியில் சேர்த்து வைத்துச் சுமார் 30 நொடிக்குள் மொத்தமாக இறக்குவார்கள். ஆகவே டிஸ்க் எழுந்த வரியில் இருந்து அரை நிமிஷம் மேலே போய்ப் பாருங்கள், அங்கே இருக்கும் பெயர்தான் வேண்டியது. போஸ்ட்கிரெஸ் என்று இருந்தால் படம் அல்லது தேடல் சம்பந்தப்பட்ட ஆப்பின் டேட்டாபேஸ். சிஸ்லாக் என்று இருந்தால் யாரோ பெட்டியை எதையோ எழுத வைத்திருக்கிறார்கள், அந்த நொடியில் லாக்கில் என்ன வரி விழுந்தது என்று பாருங்கள். என்எம்பிடி என்றால் நெட்வொர்க்கில் விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் பெயர் கூப்பிடும் வேலை, அதுவும் வெளியே இருந்து வந்ததுதான்.

படிப்பதும் எழுத்தாகலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு ஃபைலைத் திறந்தால் "இதைக் கடைசியாகத் திறந்த நேரம்" என்று ஒரு குறிப்பை டிஸ்க்கில் மாற்றி எழுதும் வழக்கம் உண்டு. வால்யூம் (டிஸ்க்கில் ஒதுக்கிய சேமிப்புப் பகுதி) செட்டிங்கில் அதை 'ஒருபோதும் வேண்டாம்' என்று வைத்துவிடுங்கள், வீட்டுப் பெட்டிக்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை. மறுபக்கம், அடிக்கடி திறக்கும் படம் மெமரியிலேயே இருந்தால் டிஸ்க் எழாமலே காட்டிவிடும். "போனில் படம் தெரிகிறது, டிஸ்க் சுற்றவில்லையே" என்று குழம்ப வேண்டாம்.

ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவால்ட் என்று நாஸ் சிஸ்டத்தை நீங்களே போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: ட்ரூநாஸில் சிஸ்டம் டேட்டாசெட் (சிஸ்டம் தன் லாக்குகளை வைக்கும் இடம்) என்பது வழக்கமாக நீங்கள் முதலில் உருவாக்கிய பூலில் (டிஸ்க்குகளைச் சேர்த்துச் செய்த தொகுப்பு) போய் உட்காரும். அதை பூட் டிஸ்க்குக்கு மாற்றாதவரை அந்த பூல் தூங்காது. ஓப்பன்மீடியாவால்ட் என்றால் ஸ்மார்ட் சோதனையின் (டிஸ்க்கின் உடல்நிலைச் சோதனை) அமைப்பில் 'ஸ்டான்ட்பை' என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் டிஸ்க்கின் சூட்டைப் பார்க்கிறேன் என்று அதுவே போய் எழுப்பிவிடும். யுஎஸ்பியில் மாட்டிய டிஸ்க் தூங்கவில்லை என்றால் நாஸைக் குற்றம் சொல்லாதீர்கள். நடுவில் இருக்கும் யுஎஸ்பி சிப் தூங்கச் சொல்லும் கட்டளையை உள்ளே கொண்டுபோகாமல் விழுங்கிவிடுவது உண்டு. டிஸ்க்கைப் போட்டிருக்கும் யுஎஸ்பி உறையை மாற்றுவதுதான் வழி.

இப்போது பணக் கணக்கு, ஏனென்றால் பலர் இதைக் கரண்டு பில்லுக்காகச் செய்கிறார்கள். இரண்டு டிஸ்க் பெட்டி ஓடும்போது ஏறக்குறைய 15 வாட், டிஸ்க் தூங்கும்போது ஐந்து வாட்டுக்குப் பக்கம் இழுக்கும். வித்தியாசம் பத்து வாட். ஒரு நாளில் இருபது மணிநேரம் தூங்கினால்கூட 0.2 யூனிட், மாதத்துக்கு ஆறு யூனிட். 2025 ஜூலையில் மலேசியாவில் மாறிய கட்டண முறையில் 1,500 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்கு எல்லாம் சேர்த்து யூனிட் 44 சென் சொச்சம். ஆக மாதம் இரண்டு வெள்ளி எழுபது சென்னுக்கும் குறைவு. சிக்கனமாகச் செலவழிப்பவருக்குக் கிடைக்கும் கழிவைப் போட்டால் அதுவும் இறங்கும். ஒரு தே தாரிக் காசுக்காக நான்கு ராத்திரி விழிக்க வேண்டியதில்லை. எனவே பில்லுக்காக என்றால் விட்டுவிடுங்கள் என்பேன். சத்தம், சூடு, அப்பாவின் தூக்கம், இவைதான் நியாயமான காரணங்கள். ஜிங்க் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு டிஸ்க் 45 டிகிரியைத் தாண்டுகிறது என்றால் தூக்கம் உதவும், ஆனால் பெட்டியைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைத்தால் அதைவிட உதவும்.

தேய்மானத்தையும் பார்ப்போம். பெட்டியில் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்களைத் திறந்தால் 4ஆம் எண் வரியில் மோட்டார் எத்தனை முறை நின்று கிளம்பியது என்று இருக்கும். 193ஆம் எண் வரி தலை எத்தனை முறை ஒதுங்கியது என்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே தலை மட்டும் ஒதுங்கி வரும். தலை ஒதுங்குவதற்கு நாஸ் டிஸ்க் பலவற்றில் 6 லட்சம் முறை என்று எழுதியிருப்பார்கள், அது தாராளம். மோட்டார் கிளம்புவதுதான் கணக்குப் பார்க்க வேண்டியது. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகளில் 50,000 என்று குறித்திருந்த காலம் உண்டு. அரைமணிக்கு ஒருமுறை எழுந்தால் ஒரு நாளைக்கு 48, வருஷத்துக்கு 17,500க்கு மேல், மூன்று வருஷத்துக்குள் அந்த 50,000 போய்விடும். ஒரு நாளைக்கு நாலு தடவை என்றால் முப்பது வருஷம் ஆனாலும் எண்ணிக்கை முடியாது. இன்று காலை அந்த 4ஆம் எண் வரியைக் குறித்து வையுங்கள், நாளைக் காலை மறுபடி பாருங்கள். பத்துக்குள் கூடியிருந்தால் நிம்மதி. முப்பது நாற்பது என்றால், குற்றவாளி கிடைக்கும்வரை தூக்கத்தையே அணைத்து வைத்துவிடுங்கள். அல்லது இருபது நிமிஷத்தை இரண்டு மணிநேரமாக நீட்டுங்கள். பத்து நிமிஷம் என்று குறைத்தால் நன்றாகத் தூங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு, எழுவதுதான் கூடும்.

உங்கள் வீட்டுக்கு நான் வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், முதல் நாளே பெட்டியை ஹாலில் இருந்து எடுத்து ரவுட்டருக்குப் பக்கத்திலோ ஸ்டோர் அறையிலோ வைப்பேன், அடியில் பழைய ரப்பர் செருப்பை நாலு துண்டாக வெட்டி வைப்பேன். பால்மரம் வெட்டிய வீட்டில் ரப்பருக்கா பஞ்சம். மரப்பலகை மேல் நேராக வைத்தால் பலகையே மேளமாகிவிடும், பாதிச் சத்தம் அதனால்தான். இடம் மாற்ற முடியாவிட்டால் பெட்டியின் பவர் ஷெட்யூலில் ராத்திரி பதினொன்றுக்கு அணைந்து காலை ஆறுக்கு எழும்படி வையுங்கள். அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் யாரும் கல்யாண வீடியோ பார்க்கப் போவதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் ஜெனரேட்டர் ராத்திரி பத்துக்கு நின்றுவிடும், அதற்கப்புறம் எந்த மெஷினும் எங்களை எழுப்பியதில்லை. ஒரு நாளைக்கு ஒருமுறை அணைந்து எழுவது டிஸ்க்குக்கு ஒன்றுமே இல்லை. அதே நேரத்தில் பேக்கப் ஏதும் ஓடும்படி வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அதைச் செய்வதற்கு முன் ஒரே ஒரு ராத்திரி மட்டும் கேபிளைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். போர்ட் திறந்திருந்து வெளியாட்கள் தட்டுகிறார்கள் என்றால் ராத்திரி அணைப்பதால் சத்தம்தான் நிற்கும், பகலில் கதவு திறந்தே இருக்கும். அப்பா எழுதிய நேரங்களையும், பெட்டி எந்த மாடல், என்னென்ன ஆப் ஓடுகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள், மிச்சத்தைப் பார்ப்போம்.